சகினா சிஸ்டரின் இரண்டு மதிப்பெண்கள்

மயிலாப்பூரில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டராக இருந்தாள் சகினா. தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கோடையில் அங்கே எல்லோருக்கும் ஒரு பரீட்சை வைத்தார்கள். அதில் சகினா முதலாவதாகவும் வந்தாள், கடைசியாகவும் வந்தாள். அது எப்படி என்று பலர் அவளைக் கேட்டார்கள். அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். சொல்லும்படியாக ஒரு பதில் கிடைக்கவில்லை.

அவளுடைய அப்பா பீர் முஹம்மதுவுக்கு ராயப்பேட்டையில் புத்தகம் பைண்டு செய்யும் கடை. பெண்ணை நர்ஸ் படிப்புக்கு அனுப்புவதா என்று உறவுக்காரர்கள் வந்து பேசியபோது, "நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரியில படுத்தா யார் பார்க்கணும்? அதைச் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டுவிட்டுப் பசையைக் குழைக்கப் போய்விட்டார். சகினா படித்தாள், வேலையில் சேர்ந்தாள், ஷரஃபுதீனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனுக்கு வடபழனி பஸ் டிப்போவை ஒட்டி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வீடும் அந்தப் பக்கம்தான். தினமும் கூட்டமான பஸ்ஸில் மயிலாப்பூருக்கு வந்து போவாள். பேச்சு குறைவு. கோபம் வந்தால் கட்டில் விரிப்புகளைப் பிரித்து மறுபடி விரிப்பாள். அதை வைத்துத்தான் மற்ற நர்சுகள் அவள் மனநிலையைத் தெரிந்துகொள்வார்கள்.

அவளுடைய வார்டுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அங்கே எவ்வளவு காலம் படுத்துக் கிடந்தாலும் முதுகில் புண் வராது என்பார்கள். எழுந்திருக்க முடியாத நோயாளிகளை வேளை தவறாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகிலும் இடுப்பெலும்பு துருத்தும் இடத்திலும் ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் தூவி அழுத்தித் தடவிவிட வேண்டும். நர்சுகள் இதை 'பேக் கேர்' என்பார்கள். படுக்கைப் புண்ணைத் தடுக்க இதுதான் வழி என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மற்ற வார்டுகளில் சமயத்தில் விட்டுப்போகும். சகினாவின் வார்டில் விட்டுப்போகாது. முடிந்தவரை அவளே தேய்ப்பாள்.

அந்தக் கோடையில்தான் டாக்டர் ஜெயராம் வந்தார். அடையாறில் வீடு. சமூக மருத்துவம் படித்தவர், வெளிநாட்டில் பயிற்சி முடித்துச் சமீபத்தில் திரும்பியிருந்தார். ஆஸ்பத்திரியின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நாம நோயாளிக்குச் செய்யற ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் என்னன்னு கேட்டுப் பழகணும். காலங்காலமா செய்யறோம்ங்கறது ஆதாரம் ஆகாது. பெரிய டாக்டர் சொன்னார்ங்கறதும் ஆதாரம் ஆகாது. நல்ல ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு தேடணும், அது சரியான ஆராய்ச்சியான்னு எடை போடணும், அப்புறம் செய்யணும். இந்தத் திறமை யார்கிட்ட எவ்வளவு இருக்குன்னு அளக்கப் போறோம். டாக்டர், நர்ஸ், மாணவர்கள், எல்லாருக்கும் ஒரே பேப்பர்."

பின்வரிசையிலிருந்து சகினா கேட்டாள். "அளந்துட்டு என்ன சார் செய்வீங்க?"

"குறைவா இருக்கறவங்களுக்கு வகுப்பு எடுப்போம். மறுபடி அளப்போம்."

"அப்பவும் ஏறலேன்னா?"

"அப்ப வகுப்பு எடுத்தவனுக்குத்தான் மார்க் குறைக்கணும்" என்றார் ஜெயராம். கூடம் சிரித்தது. சகினாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவர் அளப்பதாகச் சொன்ன பொருள் என்ன என்று மட்டும் பிடிபடவில்லை. ஜுரத்தை அளக்கலாம், ரத்த அழுத்தத்தை அளக்கலாம். இது உடம்பில் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வார்டுக்குத் திரும்பினாள்.

பரீட்சையின் முதல் பகுதியில் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரையின் தரத்தை என்னால் எடைபோட முடியும் என்பது போல வரிசையாக வாக்கியங்கள். பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். சகினா ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். அடுத்த வாக்கியத்துக்கும் ஒன்று. பக்கத்து நாற்காலியில், அவள் வார்டுக்குப் பயிற்சிக்கு வந்திருந்த மூன்றாம் வருஷ நர்சிங் மாணவி ஜானு ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டே போனாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா ஜானு?"

"தெரியாது சிஸ்டர். முடியும்னு நினைக்கறியான்னுதானே கேக்கறாங்க? நினைக்கறேன்" என்றாள் ஜானு.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சகினா ஒரு ஒன்றை அழித்து இரண்டாக்கினாள். பிறகு மறுபடி ஒன்றாக்கினாள்.

இரண்டாம் பகுதியில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லி, இரண்டு ஆராய்ச்சிகளின் சுருக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். படித்துவிட்டு, என்ன செய்வாய், ஏன் என்று எழுத வேண்டும். விஷயம் பேக் கேர். முதல் ஆராய்ச்சி, தேய்த்துவிட்டவர்களுக்குப் புண் குறைவு என்றது. ஆனால் அதில் நர்சுகள் தாங்களே ஆட்களைத் தேர்ந்தெடுத்துத் தேய்த்திருந்தார்கள். இரண்டாவது ஆராய்ச்சியில் சீட்டுக் குலுக்கி ஆட்களைப் பிரித்திருந்தார்கள். அழுத்தத்தால் சிவந்துபோன தோலைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் திசு நைந்துபோகிறது, அடிக்கடி புரட்டிப் படுக்கவைப்பதே பயன் தந்தது என்று அதில் இருந்தது.

அவள் முதல் சுருக்கத்தை மறுபடி படித்தாள். நர்சுகள் தேர்ந்தெடுத்தால் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்? கொஞ்சம் தெம்பாக இருப்பவரை, திட்டாதவரை. அவருக்கு எப்படியும் புண் வராது. இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. தேய்க்கக் கூடாது, புரட்ட வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

சில நாள் கழித்து ஸ்நேஹா என்ற பெண் வார்டுக்கு வந்தாள். ஜெயராமின் உதவியாளர். பரீட்சையின் மூன்றாம் பகுதி அவள்தான். ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சன்னலோரக் கட்டிலில் சுப்புராயன் இருந்தார். கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் தச்சராக இருந்து, அரண்மனைகளும் குடிசைகளுமாக செட் போட்டவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோயிருந்தது. பேச்சும் சரியாக வரவில்லை. மனைவி முத்துலட்சுமிதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். சகினா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். ஸ்பிரிட்டைக் கையில் ஊற்றினாள். எப்போதும் போல அழுத்தித் தேய்த்தாள். அவர் "ம்ம்" என்று முனகிக் கண்ணை மூடிக்கொண்டார். பவுடரைத் தூவிக்கொண்டிருந்தபோது ஸ்நேஹாவின் பென்சில் அசைவது தெரிந்தது. அப்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முடிவு வந்ததும் ஜெயராம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உக்காருங்க சிஸ்டர். ஒரு விஷயம் எனக்குப் புரியல. எழுத்துப் பகுதியில இந்த ஆஸ்பத்திரியிலேயே நீங்கதான் முதல். ரெண்டு டாக்டர் உங்களுக்குக் கீழதான். வார்டுல பார்த்து மார்க் போட்டதுல நீங்க பூஜ்யம். தேய்க்கக் கூடாதுன்னு அவ்வளவு தெளிவா எழுதிட்டு, நாலு நாள்ல தேய்ச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

"ஏன்?"

அவரை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நம்பாமல் எழுதினேன் என்றால் அதுவும் பொய்.

"எழுதறப்ப எழுதினதை நம்பித்தான் சார் எழுதினேன். தேய்க்கறப்ப தேய்க்கறதை நம்பித்தான் தேய்ச்சேன். ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கல."

ஜெயராம் தலையைச் சொறிந்தார். "உங்களுக்கு இந்தத் திறமை இருக்கா, இல்லையா? நான் என்னன்னு எழுதறது?"

"எனக்கும் தெரியல சார்."

"முதல் பகுதியில நீங்க உங்களுக்கே ஒண்ணு ஒண்ணா போட்டிருக்கீங்க."

"அது ஒண்ணுதான் சரியா போட்டேன்னு நினைச்சேன். இப்ப அதுவும் தெரியல."

வார்டுப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவள் ஜானு. எழுத்தில் அவள் வெகு கீழே இருந்தாள். ஆனால் ஸ்நேஹா பார்த்த நேரமெல்லாம் அவள் யாருக்கும் முதுகு தேய்க்கவில்லை. சகினா அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"சுப்புராயன் ஒரு தடவை என்னைப் பார்த்துக் கத்திட்டாரு சிஸ்டர். கை ஜில்லுனு இருக்குதாம், அவர் சம்சாரம் சொன்னாங்க. அதிலேருந்து நான் யார் முதுகுப் பக்கமும் போறதில்ல. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

"உனக்குத்தான் முழு மார்க்."

ஜானுவின் முகம் மலர்ந்தது. பிறகு குழம்பியது. "எதுக்கு?" என்று கேட்டாள்.

அன்று வீட்டில் சகினா சாப்பாடு போட்டுவிட்டு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். ஷரஃபுதீனுக்குக் கடைத்தெருப் பேச்சு வாயில் ஊறிப்போயிருந்தது.

"இன்னா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். "இவ்ளோதானா? தேய்க்காதன்னா தேய்க்காம வுட்டுட்டுப் போ. வேலை மிச்சம்."

"இத்தனை வருஷம் தேய்ச்சேனே, அதுல எத்தனை பேருக்குக் கெடுதல் பண்ணியிருப்பேன்?"

"உன் வார்டுல யாருக்கும் புண்ணு வரலன்னு நீதானே சொல்லுவே?"

"தேய்ச்சதால வரலையா, புரட்டினதால வரலையா? தேய்க்கறதுக்காகத்தானே புரட்டினேன்! ரெண்டும் சேர்ந்துதானே நடந்துச்சு!"

ஷரஃபுதீன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "எனக்குத் தல சுத்துது. கொஞ்சம் ரசம் ஊத்து" என்றான்.

மறுநாள் முதல் அவள் ஸ்பிரிட் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டாள். நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைப்பதோடு சரி. நர்சுகளுக்குச் சந்தோஷம். ஆனால் முத்துலட்சுமி ஓரிரு நாள் பார்த்துவிட்டு, வார்டு நடுவிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டாள்.

"இன்னா சிஸ்டர், எங்களாண்ட எதனா கோவமா? முதுகு தேய்க்கறத நிறுத்திட்டீங்க. நீங்க தேய்ச்சாதான் இந்த மனுசன் தூங்குவாரு. இப்போ முனகிக்கினே கெடக்கறாரு."

"அது நல்லதில்லம்மா. ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க."

"யாரை வெச்சி ஆராய்ச்சி பண்ணாங்க? இவரை வெச்சா?"

"இல்ல. வேற ஊர் ஆளுங்களை வெச்சு."

"அவங்களுக்குத் தூக்கம் வந்துச்சாமா?"

அந்தச் சுருக்கத்தில் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. காலியாக இருந்த கட்டிலின் விரிப்பைப் பிரித்து மறுபடி விரித்தாள்.

சுருக்கத்தை நம்பாமல் முழுக் கட்டுரையையே பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அது எந்தப் பத்திரிகையில் வந்தது என்று ஜெயராமிடம் குறிப்பு வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளில் ஜானுவையும் கூட்டிக்கொண்டு ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போனாள். நூலகர் பைண்டு செய்த தொகுதியைக் கொண்டுவந்து வைத்தார். பக்கம் பக்கமாக எண்கள். பாதி வாக்கியங்கள் புரிந்தன. அட்டவணைகள் புரியவில்லை. ஜானு அகராதி பார்த்தாள். அகராதிச் சொல் தெரிந்தபோதும் வாக்கியம் தெரியவில்லை. ஒரே ஒரு படம் மட்டும் தெளிவாகப் புரிந்தது. ஒரு கிழவரின் வெள்ளை வெளேரென்ற முதுகு. கீழே, எலும்பின் மேல், ரோஜா நிறத்தில் ஒரு வட்டம். அந்த வட்டத்தைத்தான் தேய்க்கக் கூடாது.

"நம்ம வார்டுல இந்த மாதிரி வட்டத்தைப் பார்த்திருக்கியா?" என்று கேட்டாள் சகினா.

ஜானு யோசித்தாள். "நம்மாளுங்க முதுகுல இது எப்படி சிஸ்டர் தெரியும்?"

வார்டுக்குத் திரும்பியதும் சகினா சுப்புராயனின் முதுகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நல்ல கறுப்பு. விரலால் அழுத்தி எடுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. புறங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. மே மாதம் சென்னையில் எது சூடாக இல்லை? சுவரைத் தொட்டால் அதுவும்தான் சுட்டது. சிவந்த இடத்தைத் தேய்க்காதே என்கிறது புத்தகம். சிவப்பே தெரியாவிட்டால் எந்த இடத்தைத் தேய்க்காமல் இருப்பது?

இதைப் போய் ஜெயராமிடம் சொன்னாள். அவர் காகிதத்தில் கோடு கிழித்துக்கொண்டே கேட்டார்.

"இதை நான் யோசிக்கல சிஸ்டர்."

"சந்தேகம் இருந்தா எலும்பு மேல எங்கயுமே தேய்க்காம விட்டுடலாமா சார்?"

"விடலாம். அது புத்திசாலித்தனம். ஆனா அதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேட்டீங்கன்னா..." கையை விரித்தார். அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கடைசியில் அவளே ஒரு வழி வைத்துக்கொண்டாள். ஸ்பிரிட் வேண்டாம். இடுப்பெலும்பின் பக்கம் கையே போகக் கூடாது. தோள்பட்டையிலும் முதுகின் சதைப்பற்றான மேல்பகுதியிலும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தடவலாம், தூக்கத்துக்காக. புரட்டுவது மட்டும் தவறக் கூடாது. சுப்புராயன் முனகுவது குறைந்தது. முத்துலட்சுமி, "கோவம் போயிடுச்சா சிஸ்டர்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அதற்குச் சில நாளில் சுப்புராயனுக்குப் புண் வந்துவிட்டது. முதுகில் இல்லை, விழுந்துபோன வலது காலின் குதிகாலில். முதலில் பார்த்தது முத்துலட்சுமிதான். சகினா போர்வையை விலக்கிப் பார்த்தாள். முதுகைப் பற்றியே இவ்வளவு நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். பரீட்சையிலும் குதிகால் இல்லை. அவள் கைப்பழக்கத்திலும் குதிகால் இல்லை. முன்பு யாருக்கும் வந்ததில்லை என்றாளே, முன்பு யாருடைய குதிகாலையாவது பார்த்திருக்கிறாளா? நினைத்து நினைத்துப் பார்த்தாள். பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தூக்கிவைத்தார்கள். தினமும் கழுவிக் கட்டினார்கள். புண் மெதுவாக ஆறியது. சுப்புராயன் ஒரு பக்கம் தாங்கி நடக்கப் பழகி வீட்டுக்குப் போனார். போகும்போது இடது கையைக் கும்பிடுவது போல நெற்றியில் வைத்தார். முத்துலட்சுமி அழுதாள். சகினாவுக்கு நன்றியை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. எதற்காக நன்றி என்று முத்துலட்சுமியைக் கேட்கவும் முடியாது.

வகுப்புகள் நடந்தன. சகினா ஒன்றும் விடாமல் போனாள். மழைக்காலத்தில் மறுபடி பரீட்சை வைத்தார்கள். இந்த முறை எழுத்துப் பகுதியில் அவளுக்கு மதிப்பெண் இறங்கிவிட்டது. கேள்விக்கு நேராக விடை எழுதாமல், நோயாளியின் நிறம் என்ன, எந்தப் பக்கம் விழுந்துபோயிருக்கிறது, தூங்குகிறாரா என்று திருப்பிக் கேள்விகளாக எழுதி வைத்திருந்தாள். வார்டுப் பகுதியில் பாதி வந்தது, தோள்பட்டை எண்ணெயை எதில் சேர்ப்பது என்று ஸ்நேஹாவுக்குத் தெரியாததால். மொத்தத்தில் முன்னேற்றம் இல்லை என்று வந்தது.

"கணக்குப்படி நீங்க கத்துக்கவே இல்ல சிஸ்டர்" என்றார் ஜெயராம். குரலில் சங்கடம் இருந்தது. "ஆனா போன தடவையைவிட இப்ப நீங்க நல்லா யோசிக்கறீங்கன்னு எனக்குத் தோணுது. அதை எப்படி அளக்கறதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே பார்வையாளரா வரீங்களா? வேற ஆஸ்பத்திரிகள்லயும் செய்யப் போறோம்."

அவள் ஒப்புக்கொண்டாள். அந்தப் பக்கம் போய் நின்றால் ஒருவேளை புரியும் என்று நினைத்தாள்.

முதலில் அனுப்பியது தி. நகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு. சகினா ஸ்டூலில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். ரூபீனா என்ற இளம் நர்ஸ் ஒரு பருமனான நோயாளியைத் தனியாகப் புரட்ட முயன்றுகொண்டிருந்தாள். ஒரு கண் இந்தப் பக்கமே இருந்தது. புரட்டி முடித்து, ஸ்பிரிட்டை எடுத்தாள், சகினாவைப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"எது சரின்னு சொல்லிடுங்க சிஸ்டர், அதையே செஞ்சிடறேன்" என்றாள், அழுகிற குரலில்.

சகினா தாளில் இருந்த கட்டங்களைப் பார்த்தாள். இவள் தேய்த்தால் ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். தேய்க்காவிட்டால் இன்னொரு கட்டத்தில். இரண்டில் எதைச் செய்தாலும் இவள் செய்யப்போவது பயத்தினால்தான். அந்த நோயாளி நழுவிக் கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தார். சகினா பலகையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்துபோய், அவருடைய தோளுக்கு அடியில் கை கொடுத்தாள்.

"நீ இடுப்பைப் பிடி. நான் சொல்றப்ப இழு. முதல்ல இவர் விழாம இருக்கட்டும்."

இருவருமாக அவரை நடுவில் நகர்த்தி, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தார்கள். ரூபீனா இப்போது நோயாளியை மட்டும் பார்த்தாள். ஸ்பிரிட் பாட்டில் கட்டிலுக்கு அடியில் உருண்டுபோயிருந்தது, யாரும் எடுக்கவில்லை.

பார்வையாளர் குறுக்கிட்டதால் அன்றைய தாள் கணக்கில் சேராது என்று ஸ்நேஹா வருத்தத்தோடு சொன்னாள். ஜெயராம் வேறு ஒருவரை அனுப்பினார். சகினா தன் வார்டுக்கே திரும்பிவிட்டாள். அந்த வேலை ஏன் பிடிக்கவில்லை என்று ஷரஃபுதீன் கேட்டபோது, "சும்மா உட்கார்ந்து பார்க்க வரலை" என்றாள். அது முழு பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, ரூபீனா மயிலாப்பூர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். உங்கள் வார்டில் வேலை காலி இருக்கிறதா என்று சகினாவைக் கேட்டாள். இருந்தது.